எத்தனை வரி வருது, அண்ணாச்சி?

அக்டோபர் 1, புதன்
காலியிடம்: 298 ஜிபி

ஆயுத பூஜை. சென்டரில் பாதி நாள்தான் வேலை. காலையில் வந்ததும் வழக்கம்போல கறுப்புத் திரையைத் திறந்து df -h அடித்தேன். டிஸ்க்கில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று வரிசையாகச் சொல்லும். எனக்கு வேண்டியது அதில் ஒரே வரி. அந்த எண்ணை இந்த டைரியில் எழுதிவிட்டுத்தான் டீ குடிப்பேன். நாலு வருஷத்துக்கு முன்னால் மதுரை இன்ஜினியர் சொல்லிக்கொடுத்த பழக்கம்.

எனக்குத் தெரிந்தது ஆறே கட்டளை. காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆறுதானா என்று இளப்பமாக நினைப்பவர்கள் நினைக்கட்டும். இந்தக் கோவில்பட்டியில் நாலு வருஷமாக ஒருநாள்கூட சர்வர் நிற்காத ஸ்கேன் சென்டர் எங்களுடையதுதான்.

பூஜைக்கு சி.டி. மெஷினுக்குச் சந்தனம் பூசியாயிற்று. மெஷின் ஓட்டும் இஸ்ரவேல் தன் ஈய அங்கியை மடித்து வைத்தான். ரிசப்ஷன் பெண் டோக்கன் மெஷினை வைத்தாள். என் பங்குக்கு எதுவும் இல்லை. சர்வரைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. யோசித்துப் பார்த்து பேக்கப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் எடுத்த படங்களை இரவில் சர்வர் தானாக இன்னொரு பிரதி எடுத்துவைப்பது இந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான். இதுவரை அதை யாரும் பூஜையில் வைத்ததில்லை. இந்த வருஷம் வைத்தேன். நாளைக்குப் புதிதாக ஒருத்தி வருகிறாள், ‘சிஸ்டம் அட்மின்’ என்ற பேரில். இந்தத் திரவியத்துக்கும் ஓர் ஆயுதம் உண்டு என்று நாலு பேருக்குத் தெரியட்டும்.

சுண்டலில் உப்பு அதிகம்.

அக்டோபர் 2, வியாழன்
காலியிடம்: 290 ஜிபி

விஜயதசமி. பெட்டியைத் துடைத்து, குங்குமத்தை நகத்தால் சுரண்டி எடுத்து, பழைய இடத்தில் வைத்து வயரைச் செருகினேன். நீல லைட் எரிந்தது. நம் கை பட்டால் எதுவும் மக்கர் செய்யாது.

பத்து மணிக்கு அந்தப் பெண் வந்துவிட்டாள். நல்ல நாள் பார்த்து வந்திருக்கிறாள். செண்பகவல்லி என்று பேர். முப்பத்திமூன்று, முப்பத்திநாலு இருக்கும். கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் போனபிறகு செல்போனிலேயே படித்து சர்ட்டிபிகேட் வாங்கினாளாம். செல்போனில் படித்தவளுக்கு சர்வர்!

சென்டரை நடத்தும் டாக்டரம்மா அவளை என் அறைக்கே கூட்டிக்கொண்டு வந்தார். “திரவியம், இவங்க உங்ககூட இருக்கட்டும். தீபாவளி வரைக்கும் பாக்கேன். சரியா வந்தா தீபாவளி கழிச்சு ஆர்டர் போட்டுக் கொடுத்துருவேன்” என்றார். எதற்கு இரண்டு பேர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் ரிசப்ஷன் பெண் மிச்சத்தையும் சொன்னாள். செண்பகவல்லியின் மாமியார் வீட்டில் கடலைமிட்டாய்க் கம்பெனி இருக்கிறது. தீபாவளிக்குள் ஆர்டர் கையில் வந்தால் வேலைக்குப் போகலாம், இல்லையென்றால் மரியாதையாக வந்து மிட்டாய்க்கு பாக்கெட் போட வேண்டும் என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாராம்.

வந்த அன்றைக்கே என்னிடம் சர்வரில் எதையும் மாற்றவிடும் பெரிய பாஸ்வேர்டைக் கேட்டாள். “பார்ப்போம்மா” என்றேன்.

அக்டோபர் 4, சனி
காலியிடம்: 260 ஜிபி

இதென்ன கூத்து? ஒரு நாளைக்குப் பத்து ஜிபி போகும். நாலு வருஷமாக அதுதான் கணக்கு. நேற்று ஒரே நாளில் இருபது போயிருக்கிறது. டோக்கன் நோட்டைப் பார்த்தேன், கூட்டம் எப்போதும் போலத்தான்.

அக்டோபர் 6, திங்கள்
காலியிடம்: 236 ஜிபி

வீட்டுக்காரி தங்கபுஷ்பத்துக்கு மூட்டுவலித் தைலம். கேஸ் புக் செய்ய வேண்டும். சனிக்கிழமையும் இருபது.

அக்டோபர் 7, செவ்வாய்
காலியிடம்: 216 ஜிபி

இன்றைக்குக் கண்ணால் பார்த்துவிட்டேன். அவளுடைய வீட்டுச் சாவிக்கொத்தில் ஒரு பென்டிரைவ் தொங்குகிறது. சாவியோடு சாவியாக. ஸ்கூட்டி சாவி, பீரோ சாவி, அதுக்கு நடுவே அது. யார் இப்படி மாட்டிக்கொண்டு திரிவார்கள்?

கறுப்புத் திரையில் அவள் அடிக்கிற வேகம் வேறு. நான் உள்ளே நுழைந்தால் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு. “சாப்டீங்களா அண்ணாச்சி?” என்று ஒரு விசாரிப்பு. எனக்கு அப்போதே மூக்கு வேர்த்துவிட்டது.

அக்டோபர் 8, புதன்
காலியிடம்: 195 ஜிபி

அவள் சாப்பிடப் போன நேரத்தில் என் அட்டையில் இருக்கும் ஐந்தாவது கட்டளையைப் போட்டேன். யாருடைய பங்கில் எவ்வளவு இடம் அடைந்திருக்கிறது என்று சொல்லும். செண்பகவல்லியின் பங்கில் 38 எம்பி. ஒரு ஜிபிகூட இல்லை.

எவ்வளவு கெட்டிக்காரி! தன் பேரில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 9, வியாழன்
காலியிடம்: 175 ஜிபி

ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன். தங்கபுஷ்பம் சிரிக்கிறாள்.

“ஏங்க, பால்காரன் தண்ணி ஊத்துறான்னு ஒரு வருஷம். மேல்வீட்டுக்காரி நம்ம கொடியில துணி போடுறான்னு ஒரு வருஷம். இப்ப இந்தப் புள்ளையா?”

“பால்காரன் ஊத்தத்தானடி செஞ்சான்?”

“ஊத்துனான். அதுக்காக ஊர்ல எல்லாரும் ஊத்துவாங்களா? அந்தப் புள்ளகிட்டயே என்ன ஏதுன்னு கேட்டா என்னவாம்?”

கேட்பதாம்! திருடியிடம் போய், அம்மா, நீ திருடினாயா என்று கேட்கச் சொல்கிறாள். இவளிடம் சொன்ன என்னைச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 11, சனி
காலியிடம்: 134 ஜிபி

ஜெனரேட்டர் அறைப் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள், மெல்லிய குரலில். நான் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் கேனுக்குப் பக்கத்தில் நின்றேன். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்:

“மொத்தத்தையும் காப்பி பண்ணியாச்சா? ஒண்ணுகூட விடக்கூடாது. சாயங்காலம் வந்து நான் பாப்பேன். அழிச்சு அழிச்சு எழுதாத, மிஸ்சு திட்டுவாங்க.”

‘மிஸ்சு’ யார்? பைபாஸ் ரோட்டில் புதிதாக ஒரு ஸ்கேன் சென்டர் திறக்கப்போவதாகப் பேச்சு. அதை நடத்தப்போவது ஒரு பெண்மணி என்றுதான் கேள்வி. நம் படங்களும் நம் நோயாளிகளின் விலாசமும் போன் நம்பரும் அங்கே போய்க்கொண்டிருக்கின்றன என்றே நினைக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்
காலியிடம்: 110 ஜிபி

இஸ்ரவேலுக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஆறு மாதமாகக் கோணலாக அச்சடித்துக்கொண்டிருந்த ரிப்போர்ட் பிரிண்டரை அவள் பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டாளாம். வயர்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டியிருக்கிறாள். “அண்ணாச்சி, உங்க பாரம் கொறஞ்சுது, பாத்தீங்களா” என்கிறான். யார் இவனிடம் பாரம் என்று சொன்னது?

அக்டோபர் 14, செவ்வாய்
காலியிடம்: 90 ஜிபி

மழை. குடை சென்டரிலேயே மறந்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்
காலியிடம்: 69 ஜிபி

ஒருவேளை பேக்கப்பில் கோளாறோ என்று ஒரு சந்தேகம் வந்தது. நான் எதையும் விட்டுவைக்கிற ஆள் இல்லை. பேக்கப் இருக்கும் இடத்தைத் திறந்து பட்டியல் எடுத்தேன். அக்டோபர் 1, 2, 3, 4 என்று நேற்று வரைக்கும் தேதி வாரியாக எல்லாப் பிரதியும் பிசகில்லாமல் இருக்கிறது. பெட்டியில் நீல லைட்டும் எரிகிறது. ஆக என் பக்கம் சுத்தம். இனி சந்தேகப்பட ஒரே இடம்தான் பாக்கி.

அக்டோபர் 16, வியாழன்
காலியிடம்: 49 ஜிபி

இன்று நடந்ததை முழுசாக எழுதிவைக்க வேண்டும். பின்னால் தேவைப்படும்.

காலையில் நான் df -h அடித்து எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவள் வந்து நின்றது தெரியாது.

“அண்ணாச்சி, இடம் ரொம்பக் குறையுதே. நாளைக்கழிச்சு நிறைஞ்சிரும் போலயே.”

‘போலயே’யாம். இவளுக்குத் தெரியாதது போல.

“எனக்குக் கண்ணு இருக்கும்மா” என்றேன்.

“இல்ல அண்ணாச்சி, df அடிச்சா எத்தனை வரி வருது?”

“எனக்கு வேண்டியது ஒரு வரி. அதைப் பாத்துட்டேன்.”

“பேக்கப் பெட்டிக்குன்னு தனியா ஒரு வரி வரணும். இப்ப அது வரலை. நானும் ரெண்டு நாளா யோசிச்சேன். பெட்டியை சர்வர் சேத்துக்கலைன்னா, ராத்திரி எடுக்குற பிரதி பெட்டிக்குப் போகாது. இதே டிஸ்க்குலதான் விழும். அதான் ரெட்டிப்பா போகுது.”

“பெட்டியில லைட் எரியுதும்மா. கண்ணு தெரியலையா?”

“லைட் எரிஞ்சா கரண்டு வருதுன்னுதான் அர்த்தம், அண்ணாச்சி.”

அவள் அதைத் திமிராகச் சொல்லவில்லை என்று இஸ்ரவேல் சொல்வான். அவன் அப்போது அங்கே இல்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னுடைய பெட்டியைப் பற்றி எனக்கே பாடம்! அதுவும் பெரிய பாஸ்வேர்டைக் கொடுத்தால் தானே சரிசெய்துவிடுவதாகச் சொல்கிறாள். அங்கேதான் பூனைக்குட்டி வெளியே வந்தது. பாஸ்வேர்டுக்காகத்தான் இத்தனை நாடகமும்.

“உன் வேலையைப் பாரும்மா” என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

வரியை எண்ணிப் பார்த்தேனா என்று இந்த டைரி கேட்டால், இல்லை. எண்ணவில்லை. அவள் சொல்லி நான் எண்ணுவதா?

அக்டோபர் 17, வெள்ளி
காலியிடம்: 28 ஜிபி

டாக்டரம்மாவிடம் போனேன். கடைசி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவைத்திருந்தார். டைரியைத் திறந்து காட்டினேன்.

“எப்ப இருந்து இப்படிப் போகுது?”

“ரெண்டாந்தேதியில இருந்து மேடம்.”

“ரெண்டாந்தேதின்னா…” அவர் யோசித்தார். “விஜயதசமி. செண்பகவல்லி வந்த அன்னைக்கா?”

“நான் யாரையும் சொல்லலை மேடம். தேதியைத்தான் சொல்லுதேன்.”

டாக்டரம்மா டைரியை என் கையிலிருந்து வாங்கி எண்களை மட்டும் விரல் வைத்துப் பார்த்தார். நல்லவேளை, வேறு எதையும் படிக்கவில்லை. தீபாவளி முடியட்டும், மதுரைக்காரரை வரச்சொல்லிப் பார்ப்போம், அதுவரை பேசாமல் இருங்கள் என்றார். வெளியே வந்தபோது எனக்குக் கால் லேசாக இருந்தது.

ஒன்று மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன். இடம் குறைந்தது ஒன்றாம் தேதி ராத்திரியிலிருந்தே. 298, அப்புறம் 290. பூஜை நாளில் நாலே நாலு ஜிபி படம்தான் எடுத்தோம். அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சின்ன வித்தியாசம்தானே.

அக்டோபர் 18, சனி
காலியிடம்: காலையில் 7 ஜிபி. மத்தியானம் 0.



தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை என்று கூட்டம் நெரிந்தது. கயத்தாற்றுப் பக்கமிருந்து பூரணம் என்று ஓர் அம்மாள், அறுபத்தைந்து வயது. வயிற்றில் கட்டி. நரம்பில் மருந்து ஏற்றி சி.டி. எடுத்தார்கள். மெஷினிலிருந்து படம் சர்வருக்கு வந்து சேரவில்லை, டிஸ்க் நிறைந்துவிட்டது. அது தெரியாமல் இஸ்ரவேல் அவசரத்தில் அடுத்த ஆளுக்காக மெஷினில் இருந்ததை அழித்துவிட்டான். ஆக அந்த அம்மாளின் படம் எங்கேயும் இல்லை.

மறுபடியும் படுக்க வைத்து, மறுபடியும் மருந்து. இரண்டாவது தடவை ஊசி நரம்பை விட்டு விலகி, கை புறங்கையிலிருந்து முழங்கை வரை வீங்கிவிட்டது. அந்த அம்மாள் கத்தவில்லை. “ஏன் ராசா, மொத தடவ நான் சரியாப் படுக்கலையா?” என்று இஸ்ரவேலிடம் கேட்டார். மகன்தான் வெளியே நின்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். டாக்டரம்மா வராண்டாவில் எல்லார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். இருபத்தோரு வருஷத்தில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

மூன்று மணிக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“செண்பகவல்லி, நீ நாளையில இருந்து வர வேண்டாம்மா.”

“நான் என்ன பண்ணேன் மேடம்?”

“அதான் எனக்கும் தெரியலை. நீ வந்த நாள்ல இருந்து இது நடக்குது. என்னன்னு தெரியாம நான் ஒரு ஆளை உள்ள வச்சுக்கிட முடியாது.”

“மேடம், பேக்கப் பெட்டி…” என்று ஆரம்பித்தாள். என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று நினைத்தாள் போல. நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

டாக்டரம்மா கையை உயர்த்தி, “இப்ப எதையும் கேக்குற நிலைமையில நான் இல்லைம்மா” என்றார்.

போகும்போது என் மேஜையில் ஒரு சீட்டு வைத்தாள். “அண்ணாச்சி, நாலே வரிதான். இதை மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. நான் சொன்னது தப்பா இருந்தா தப்பாவே இருக்கட்டும்.” கண் கலங்கியிருந்தது, அழவில்லை. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

பழைய சோதனைப் படங்களை அழித்து 25 ஜிபி உண்டாக்கினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய்க் குளியல், இட்லி, கறிக்குழம்பு. பேரன் பேத்தி போனில் பேசினார்கள். தங்கபுஷ்பம், “அந்தப் புள்ளைக்கு ஆர்டர் போட்டாச்சா?” என்று கேட்டாள். போடவில்லை என்றேன்.

அக்டோபர் 22, புதன்
காலியிடம்: 11 ஜிபி

அவள் போய் நாலு நாள். டாக்டரம்மா நிம்மதியாக இருக்கிறார். டிஸ்க்குக்குத்தான் நிம்மதி இல்லை. பண்டிகைக்கு மறுநாள் கூட்டமே கிடையாது, அப்படியும் எடுத்த கொஞ்சப் படத்தைப்போல இரண்டு மடங்கு போயிருக்கிறது.

கதவைச் சாத்திவிட்டு வரியை எண்ணினேன். எட்டு. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். எதிலும் பேக்கப் என்ற பேர் இல்லை. சீட்டை எடுத்தேன். அழகான கையெழுத்து. மேலே எழுதியிருந்தாள்: ‘பெட்டியை எப்போதாவது கழற்றி மாட்டினீர்களா? மாட்டினால் மட்டும் போதாது, சேர்த்துக்கொள் என்று சர்வருக்குச் சொல்லவும் வேண்டும்.’

முதல் வரி அடித்தேன். பிரதிகள் இருக்கும் ஃபோல்டர் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று கேட்கும் வரி அது. எங்கள் டிஸ்க்கிலேயே, எங்கள் படங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று வந்தது. ஒன்றாம் தேதி ராத்திரிப் பிரதி முதல் நேற்றையது வரை, நூற்றைம்பது ஜிபி. நான் பூஜைக்குக் கழற்றிய பெட்டி இருபது நாளாகச் சும்மா லைட் எரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

மற்ற மூன்று வரியையும் ஒற்றை விரலால் அடித்தேன். பெட்டி சர்வரோடு சேர்ந்தது. பிரதிகளெல்லாம் அதற்குள் போகத் தொடங்கின. சாயங்காலம் df அடித்தேன். ஒன்பது வரி. காலியிடம்: 161 ஜிபி.

அவள் எழுதிய நாலு வரியில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

அக்டோபர் 23, வியாழன்
காலியிடம்: 151 ஜிபி

டாக்டரம்மா காலியிடம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன்.

“பாத்தீங்களா! அந்தப் பொண்ணு போனதும் சரியாயிட்டு. உங்க மூக்கு மூக்குதான் திரவியம்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேள்வியாகக் கேட்கவில்லையே. மதுரைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

அக்டோபர் 24, வெள்ளி
காலியிடம்: 141 ஜிபி

சொல்லலாம் என்று போனேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டில் மும்முரமாக இருந்தார்.

இஸ்ரவேல் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறான். அவனிடம் அவள் ஏதாவது சொல்லியிருப்பாளோ?

அக்டோபர் 25, சனி
காலியிடம்: 131 ஜிபி

இன்றைக்குக் கூட்டம். சொல்ல முடியவில்லை. பூரணம் அம்மாளுக்குக் கை வீக்கம் வடிந்துவிட்டதாம்.

சாவிக்கொத்தைக் கையில் எடுத்தால், நான் அவளுடையதைப் பார்த்த மாதிரி எல்லாரும் என் கையையே பார்ப்பது போல இருக்கிறது.

அக்டோபர் 27, திங்கள்
காலியிடம்: 119 ஜிபி

மத்தியானம் போன் வந்தது. புது நம்பர். செண்பகவல்லி.

“அண்ணாச்சி, நல்லாருக்கீங்களா? வேற ஒண்ணும் கேக்கலை. அந்த நாலு வரியைப் போட்டீங்களா?”

பின்னால் பாகு கிண்டுகிற சத்தமும் பெண்களின் பேச்சுச் சத்தமும் கேட்டன. மிட்டாய்க் கம்பெனியிலிருந்துதான் பேசுகிறாள்.

“போட்டேன்மா.”

“பெட்டிதானா?”

எனக்கு ஐம்பத்திநாலு வயது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது.

“இல்லைம்மா. அது இல்லை” என்றேன்.

அவள் சொன்னாள்: “அப்படியா. மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி. அன்னைக்கு உங்ககிட்டப் பெருசாத் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். என் படிப்பு அவ்வளவுதான் போல.”

வைத்துவிட்டாள். நான் டீ குடிக்கவில்லை. இதை வீட்டில் தங்கபுஷ்பத்திடம் சொன்னேன், பூஜையிலிருந்து எல்லாவற்றையும். அவள் திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 28, செவ்வாய்
காலியிடம் பார்க்கவில்லை.

டாக்டரம்மா காரிலிருந்து இறங்கும்போதே போய் நின்றேன். அறைக்குள் போனதும் டைரியை விரித்து வைத்துவிட்டேன், எண்ணை மட்டும் காட்டாமல் முழுசாக. அவர் படித்தார். பால்காரன் வரைக்கும் படித்தார். என் காது எரிந்தது.

“அன்னைக்கு வராண்டாவுல நான் கும்பிட்டுக்கிட்டு நின்னேனே, அப்ப உங்களுக்கு இது தெரியுமா?”

“அப்ப தெரியாது மேடம். புதன்கிழமை தெரியும்.”

“வியாழக்கிழமை நான் உங்களைப் பாராட்டினேன்.”

“ஆமா மேடம்.”

அவர் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்.

“செண்பகவல்லி, நான் டாக்டர் பேசுறேன். நீ சொன்னது சரிம்மா. பெட்டிதான். நான் உன்கிட்டக் கேட்டிருக்கணும், கேக்கலை. தப்பு என் மேலயும் இருக்கு. ஆர்டர் ரெடி பண்ணச் சொல்லுதேன், நீ வந்துரு.”

ஆர்டரைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்தேன்.

“பெட்டிதானா மேடம்? நல்லாத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும்.”

“அண்ணாச்சி அங்க இருக்காங்களா?”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “இருக்கேன்மா” என்றேன்.

“நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தையெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு, எங்க தப்பாப் படிச்சேன்னு உக்காந்து தேடினேன் அண்ணாச்சி. என் மகன் வந்து, என்னம்மா, நீ பெயிலான்னு கேட்டான். ஆமான்னு சொன்னேன்.” அவள் குரல் உடைந்தது. “ஏன் அண்ணாச்சி இல்லைன்னு சொன்னீங்க?”

என்னென்னவோ சொல்லலாம். வயசாகிவிட்டது, மறந்துவிட்டது, சரியாகப் பார்க்கவில்லை. எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

“பயம்மா” என்றேன். “நீ வந்த நாள்ல இருந்தே பயம்.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“மேடம், நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துருதேன். ஆர்டரை எங்க அத்தைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க, நான் சொன்னா நம்ப மாட்டாங்க” என்றாள். வைத்துவிட்டாள். என்னிடம் அவள் எதுவும் சொல்லவில்லை.